தூங்கியது ஊர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் எங்கள் தரங்கம்பாடியைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1706-ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கிய கதை, ராஜ வீதிப் படங்கள் எல்லாம் சரி. "நாளெல்லாம் தூங்கும் ஊர்" என்று முடித்திருந்ததுதான் உறுத்தியது.

இந்த ஊரில் 36 வருடம் தபால் கொடுத்தவன் நான். விடிய இன்னும் நேரம் இருக்கும்போதே மீனவர் தெருவில் விளக்கு எரியும். படகு கரையேறியதும் ஏலச் சத்தம் கேட்கும். வெயில் ஏறுவதற்குள் பெண்கள் மீன் கூடையோடு பொறையாருக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் தூங்கியது உங்கள் நிருபராக இருக்கலாம்.

ராஜ வீதியும் ராணி வீதியும் அமைதிதான், ஒத்துக்கொள்கிறேன். அது எப்படி வந்த அமைதி என்று என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மணியார்டருக்காகத் திண்ணையில் உட்கார்ந்து வழி பார்ப்பார்கள். அப்புறம் பிள்ளைகள் சென்னை, துபாய், சிங்கப்பூர் என்று போனார்கள். பின்னாலேயே பெற்றவர்களும் போனார்கள். கடைசி வருடங்களில் ரிஜிஸ்டர் தபால் மேல் "கதவு பூட்டியுள்ளது" என்று எழுதி எழுதியே பேனா தீர்ந்தது.

ஓசோன் காற்று என்று வெளியூர்க்காரர்கள் கடற்கரையில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விடுகிறார்கள். அந்தக் காற்றைப் பற்றி என் சைக்கிளைக் கேட்க வேண்டும். எண்ணெய் போடாமல் நாலு நாள் விட்டால் செயின் செம்பழுப்பாகிவிடும். ஜன்னல் கம்பியை விரலால் கீறினால் ஏடு ஏடாக உதிர்கிறது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பக்கத்தையே கடல் கொண்டுபோய்விட்டது, கம்பி எம்மாத்திரம்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன ஐப்பசியில் என் மனைவிக்கு மாயவரத்தில், அதாவது மயிலாடுதுறையில், கண்புரை அறுவை செய்தார்கள். மறுவாரம் காட்டிவிட்டு வெளியே வரும்போதே இருட்டிவிட்டது, மழை வேறு. கடைசி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். "இன்னிக்கு அந்த வண்டி இல்ல பெரியவரே" என்று ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவள் கறுப்புக் கண்ணாடியோடு தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முப்பது கிலோமீட்டருக்குக் கார்க்காரர் ஆயிரத்து இருநூறு கேட்டார். கொடுத்தேன். அமைதியான ஊரில் இருப்பதற்கு நாங்கள் கட்டுகிற வரி இது.

எனக்கு இதில் ஆற்றாமை ஏனென்றால், இங்கே ரயில் ஓடியது. மன்னம்பந்தல் கல்லூரிக்கு சீசன் டிக்கெட்டில் போய்ப் படித்தவன் நான். பொறையார், தில்லையாடி, திருக்கடையூர், ஆக்கூர், செம்பனார்கோயில் என்று எல்லா இடத்திலும் நின்று நின்று போகும். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கோஷ்டி ஏறினால் பெட்டி முழுக்கச் சந்தன வாசனை. ஒரு தடவை மாலையும் கழுத்துமாக ஒரு தாத்தா என் நோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். 1986-ல் வண்டியை நிறுத்தினார்கள். திரும்ப விட வேண்டும் என்று எத்தனையோ மனு போய்விட்டது. சிலதை நானே முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன்.

ரயில் வரும்போது வரட்டும். இரவு ஒன்பதரைக்கு மாயவரத்திலிருந்து ஒரு பஸ், மழையானாலும் தவறாமல் வருகிற ஒரே ஒரு பஸ், இப்போதைக்கு அது போதும்.

அடுத்த முறை எங்கள் ஊரைப் பற்றி எழுத ஆள் அனுப்பினால், தயவுசெய்து காரில் அனுப்பாதீர்கள். இருட்டிய பிறகு மாயவரம் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
தரங்கம்பாடி.