ஐந்து ஸ்டேஷன் தூரத்தில் இரண்டு படிப்பு

நியூயார்க்
12.10.2025

மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். இரண்டு தடவை பின்னால் கேட்ட மழைச் சத்தத்துக்காக, ஒரு தடவை நீ கேட்ட கேள்விக்காக. "எம்.பி.பி.எஸ். முடிச்சவனுக்கு எதுக்குடா மறுபடி ரெண்டு டிகிரி, அதுல ஒண்ணு பாலிடிக்ஸ் வேற?" எங்கள் அப்பாவும் இதையேதான் கேட்டார், எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். நீ கேட்பது, நாமும் அப்ளிகேஷன் போட்டால் என்ன என்ற யோசனையில். உன்னிடம் சமாளிக்க முடியாது.

முதலில் கணக்கு. பொது சுகாதாரத்தில் முதுகலை இரண்டு வருஷம், சர்வதேச விவகாரத்தில் முதுகலை இரண்டு வருஷம். இங்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இரண்டையும் சேர்த்துப் படித்தால் மூன்று வருஷத்தில் முடியும். சில பாடங்கள் இரண்டு பக்கமும் செல்லும், அதில்தான் ஒரு வருஷம் மிச்சமாகிறது. ஆனால் இரண்டு பள்ளிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் இடம் கொடுத்தார் என்பதற்காக இன்னொருவர் கொடுக்க மாட்டார். கட்டணத்தைப் பற்றிக் கேட்காதே, மூன்று வேளைச் சாப்பாடு இறங்காது.

இரண்டு பள்ளிகளும் ஒரே வளாகத்தில் இல்லை. சர்வதேச விவகாரம் 118-ஆம் தெருவில், பொது சுகாதாரம் 168-ஆம் தெருவில், ஆஸ்பத்திரிகளுக்கு நடுவே. 116-இல் ஒன்றாம் நம்பர் ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன். நடுவில் 125-க்கு மட்டும் ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து, இரும்புப் பாலத்தின் மேல் வெயிலைக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். 168-இல் பிளாட்பாரம் அவ்வளவு ஆழம், லிஃப்டில்தான் மேலே வர வேண்டும். மூன்று தெரு தள்ளி, கறுப்பின மக்களின் தலைவர் மால்கம் எக்ஸ் 1965-இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஆடுபான் அரங்கம். தினமும் பார்த்துப் பார்த்து இப்போது அதுவும் நம் ஊர் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஐந்து ஸ்டேஷனைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு வகுப்பிலும் இந்தோனேசியா வந்தது. 1952 முதலே நாடுகள் ஃப்ளூ வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகங்களுக்குச் சும்மா அனுப்பிக்கொண்டிருந்தன. 2007-இல் இந்தோனேசியா நிறுத்தியது. பறவைக் காய்ச்சலில் மனிதர்கள் அதிகம் செத்துக்கொண்டிருந்த நாடு அப்போது அதுதான். தாங்கள் அனுப்பிய வைரஸிலிருந்து ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் தடுப்பூசி தயாரிக்கிறது, அதை வாங்கத் தங்களுக்கே வசதி இருக்காது என்று தெரிந்ததும், சுகாதார அமைச்சர் சிதி ஃபாதிலா சுபாரி இனி மாதிரி கிடையாது என்றுவிட்டார்.

168-ஆம் தெருவில் இதைத் தொற்றுநோய்க் கண்காணிப்பின் பாடமாகச் சொன்னார்கள். மாதிரி வராத ஒவ்வொரு வாரமும் வைரஸ் எப்படி மாறுகிறது என்பது உலகத்துக்குத் தெரியாத வாரம். 118-இல் அதே சம்பவம் இறையாண்மை, காப்புரிமை, பேரம் பேசும் பலம். காலையில் அந்த அம்மா வில்லி, சாயங்காலம் கதாநாயகி. எனக்கு இரண்டுமே சரியாகப் பட்டது, அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 2011-இல் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: மாதிரிகளால் பயன்பெறும் கம்பெனிகள் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும், கொள்ளைநோய் வந்தால் தடுப்பூசியில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். அதுவும் ஃப்ளூவுக்கு மட்டும். இந்த மே மாதம் ஜெனீவாவில் கொள்ளைநோய் ஒப்பந்தம் நிறைவேறியதே, அதிலும் கிருமியைப் பகிர்வது, பலனைப் பகிர்வது என்ற பகுதியைப் பின்னிணைப்பாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிட்டார்கள். அது முடியாமல் யாரும் கையெழுத்தே போட முடியாது. பதினெட்டு வருஷமாக அதே சண்டை.

நாம் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது டெங்கு சீசனில் எத்தனை டியூப் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பியிருப்போம்? ரிசல்ட் எப்போது வரும் என்றுதான் கேட்டோமே தவிர, அந்த ரத்தம் அதற்கப்புறம் யாருடையது என்று ஒருநாளாவது கேட்டோமா?

இன்னொன்று, இதைக் கேட்டால் சிரிப்பாய். மருந்துக் கொள்முதல் பாடத்தில் நம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச்சு. மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவது, மாவட்டக் கிடங்கு, கணினிக் கணக்கு, எல்லாம் தொண்ணூறுகளிலேயே ஆரம்பித்தது என்று. வகுப்பே என்னைத் திரும்பிப் பார்க்கிறது. எனக்கு அது வெறும் பாஸ்புக், ஆஸ்பத்திரி வாங்கும் மருந்துக்குக் கணக்கு எழுதும் புத்தகம். ஃபார்மசிஸ்ட் கையெழுத்துக்கு நீட்டுவார், போடுவேன். 1939-இலேயே மெட்ராஸ் மாகாணத்துக்குப் பொது சுகாதாரச் சட்டம் வந்ததையும் இங்கே வந்துதான் ஒழுங்காகப் படித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

வேலை விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. நான் சேர்ந்த 2023-இல் என் வகுப்பில் பாதிப் பேருக்கு அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட்தான் கனவு. இந்த ஜூலையோடு அதை மூடி, மிச்சம் இருந்ததை வெளியுறவுத் துறையில் சேர்த்துவிட்டார்கள். வருகிற ஜனவரியில் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்தை விட்டும் விலகுகிறது. சீனியர்கள் காப்பீட்டுக் கம்பெனி, கன்சல்டிங் என்று கிடைத்ததில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். நான் முப்பது வயதுக்கு மேல் பிரெஞ்சு கற்றுக்கொண்டிருக்கிறேன். ஜெனீவாவுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் உதவும் என்றார்கள். இப்போதைக்கு பேக்கரியில் ரொட்டி கேட்கும் அளவுக்கு வந்திருக்கிறது.

அதனால் உனக்கு என் பதில்: அரசு டாக்டராக இருந்துகொண்டே மேல்படிப்புக்குப் போகும் சர்வீஸ் பி.ஜி. வாய்ப்பை விட்டுவிட்டு இதற்கு வராதே. நோயாளியை விட்டு உன்னால் இருக்க முடியாது, எனக்குத் தெரியும். சுகாதார நிர்வாகம்தான் வேண்டும் என்றாலும் நம் ஊரிலேயே அதற்கென்று தனித்துறை இருக்கிறது, பல மாநிலங்களில் அதுகூடக் கிடையாது. பொது சுகாதாரம் மட்டும் போதும் என்றால் அதை மட்டும் படி, ஒரு வருஷக் கடன் மிச்சம். ஆனால் நீ மெசேஜின் கடைசியில் சொன்னாயே, நாய்க்கடிக்குப் போடும் ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் மருந்தின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று. அந்த மாதிரிக் கேள்வி நாலு மாதம் கழித்தும் உன்னை விடாமல் துரத்தினால் ஃபோன் பண்ணு. விண்ணப்பக் கட்டுரையைச் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.

இப்போது எனக்கு ஓர் உதவி. கடைசி செமஸ்டர் கட்டுரையை இந்த ரத்த மாதிரி, வைரஸ் மாதிரி விவகாரத்தைப் பற்றியே எழுதுகிறேன். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டெங்கு மாதிரி அனுப்பும்போது கூடவே வைக்கும் படிவம் இருக்குமே, நிரப்பாத ஒன்றை முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பு. பரிசோதனை முடிந்த பிறகு மிச்ச ரத்தம் என்ன ஆகும் என்று அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தீபாவளிக்கு உனக்குத்தான் டியூட்டியா? அம்மாவுக்கு என் அன்பைச் சொல். அந்த அதிரசத்தைப் பற்றி மட்டும் எனக்கு எழுதாதே.

உன்,
பழைய ரூம்மேட்