பதினெட்டு வயசுக் கணக்கு

எய்யா,

மேலத்தெருப் பையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனதைச் சொன்னதும் நீ போனில் போட்ட சத்தத்தில் என்னால் பதில் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். அவனுக்கு 19, பிள்ளைக்கு 17, ரெண்டு பேரும் விரும்பித்தானே பழகினார்கள், 18 வயசுக்குக் கீழே இருந்தால் பிள்ளையின் சம்மதமே செல்லாது என்கிற போக்சோ சட்டம் (பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கிற சட்டம்) இதில் எதுக்கு என்று கேட்டாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் "18 என்பது சும்மா ஒரு நம்பர்" என்றாயே, அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

நம்ம ஊரில் ஒரு பிள்ளைக்குச் சடங்கு சுற்றி, தாய்மாமன் சீர் வந்து இறங்கினால் அன்றிலிருந்து அவள் பெரிய மனுஷி. எட்டாங்கிளாஸில் நேற்றுவரை என்னிடம் பென்சில் காணோம் என்று அழுதவள்! பருவம் வந்த கையோடு மூளையில் ஆசையையும் பரபரப்பையும் கிளப்பும் பகுதி வேகம் பிடித்துவிடுகிறது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் யோசித்து நிறுத்துகிற பகுதியோ இருபது தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. உட்கார வைத்து நிதானமாகக் கேட்டால் 16 வயசுப் பிள்ளைகள் பெரியவர்கள் அளவுக்கே சரியாக யோசிக்கிறார்கள் என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. கூட்டாளிகள் பார்க்கும்போது, மனசு கொதிக்கும்போதுதான் சறுக்கல். குறுக்குத்துறையில் ஆற்றில் வெள்ளம் வரும்போது தனியாக நிற்கிற பையன் குதிக்க மாட்டான், நாலு பேர் கரையில் நின்று கத்தினால் குதிப்பான். நீயும் குதித்தவன்தான், எனக்குத் தெரியாதென்று நினைக்காதே.

சரி, மூளை ஒன்றுதான் காரணமென்றால் வயசை 25 என்றல்லவா வைக்க வேண்டும்? பெரிய காரணம் எதிரில் இருக்கிற ஆள். முப்பது வயசு டியூஷன் வாத்தியாரோ, வீட்டுக்கு வந்து போகிற சொந்தக்காரனோ ஒரு பதினைந்து வயசுப் பிள்ளையிடம் "சரி" என்ற சொல்லை வாங்குவது எவ்வளவு சுலபம் தெரியுமா, பாசம் காட்டினால் போதும், கொஞ்சம் பயம் காட்டினால் போதும், ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தால் போதும். அப்புறம் கோர்ட்டில் "அவளும் சம்மதித்தாள்" என்று அவன் வக்கீல் எழுந்தால் விசாரணை மொத்தமும் பிள்ளைமேல் திரும்பிவிடும், என்ன உடுத்தினாய், ஏன் போனாய் என்று. அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காமல், விலகிப்போகிற பொறுப்பைப் பெரியவன் தலையில் வைக்கத்தான் இந்தக் கோடு.

இந்தக் கோடும் சும்மா வந்துவிடவில்லை. நம்ம எட்டயபுரத்துப் பாரதிக்கு 1897ல் கல்யாணம் ஆனபோது கடயத்துச் செல்லம்மாவுக்கு 7 வயசு, அது அந்தக் காலத்து வழக்கம். 1860ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில் சம்மத வயசு 10. கல்கத்தாவில் புல்மோனி என்ற சிறுமி, பத்து வயசைத் தாண்டியவள், புருஷனாலேயே செத்துப்போனாள், வயசு தாண்டிவிட்டதால் அவன்மேல் பலாத்கார வழக்கு நிற்கவில்லை. அந்தக் கொதிப்பில்தான் 1891ல் 12 ஆனது, அதற்கே மதத்தில் கை வைக்கிறான் என்று பெரிய கூச்சல். பிறகு 14, 16 என்று ஏறி 2012ல் போக்சோ வந்தபோது 18 ஆனது.

மேலத்தெரு விஷயத்தில் உன் கோபம் நியாயம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்துக்கு முப்பது வயசுக்காரனும் ஒன்றுதான், 19 வயசுப் பையனும் ஒன்றுதான். இந்த மாதிரிப் பல வழக்குகளில் புகார் கொடுப்பது பிள்ளையைப் பெற்றவர்கள், அதுவும் ஜாதி வேறு என்றால் நம்ம பக்கம் கால் எவ்வளவு வேகமாக ஸ்டேஷனுக்கு நடக்கும் என்று உனக்கே தெரியும். சென்னை உயர் நீதிமன்றமே 2019ல், 16க்கு மேல் விருப்பத்தோடு நடந்ததை இந்தச் சட்டத்திலிருந்து விலக்குவது பற்றி யோசிக்கலாம் என்று ஒரு தீர்ப்பில் சொன்னது. 2023ல் சட்ட ஆணையம், வயசைக் குறைக்க வேண்டாம், 16லிருந்து 18க்குள் விருப்பத்தோடு நடந்ததாகத் தெரிந்தால் தண்டனையில் நீதிபதி பார்த்து முடிவு செய்ய இடம் கொடுக்கலாம் என்றது. எனக்கும் அதுதான் சரியாகப்படுகிறது. குறைத்தால் முதலில் நுழைகிறவன் அந்த டியூஷன் வாத்தியார்தான்.

தம்பிக்கு இந்த ஆனியில் 18 முடிகிறது. அவன் கிளாஸ் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இன்னும் முடியவில்லை. நான் பேச்செடுத்தால் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுகிறான். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது கிரிக்கெட் பேசி முடித்ததும் இதையும் பேசு, நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே.

அம்மா