மீனாவுக்கு: ரிகொலெட்டோ பார்க்க உட்காரும் முன்

அன்புள்ள மீனா,

வியன்னா அரங்கிலிருந்து இணையத்தில் வரும் நேரலையில், முதல் ஆப்பராவாக (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) இசையமைப்பாளர் வெர்டியின் ரிகொலெட்டோவைப் பார்க்கப்போகிறாய் என்றதும் நிம்மதி. இசை மட்டும் இரண்டு மணி நேரம்தான். நீள நீளமாக ஆப்பரா எழுதிய வாக்னரில் தொடங்கியிருந்தால் விடிந்திருக்கும்.

அங்கே மாலை 7 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 11.30. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 10.30. அந்த மாதங்களில் 11.30க்குப் போய் உட்கார்ந்தால் முதல் அங்கம் ஏறக்குறைய முடிந்திருக்கும்.

மொபைல் டேட்டாவை நம்பாதே. நொடிக்கு 5 மெகாபிட் என்றாலே மணிக்கு 2.25 ஜிபி தின்னும். ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிள் போடு. அப்படியும் படம் நின்று நின்று வந்தால் படத்தின் தரத்தை 720pக்கு இறக்கிக்கொள். படம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, பாட்டு அறுபடக் கூடாது.

போன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். முதல் அங்கத்தில் ஸ்பாராஃபுச்சிலே என்ற கூலிக் கொலையாளி வருவான். அவன் பேசும்போது ராகத்தை எடுத்துச் செல்வது ஒரு செல்லோவும் ஒரு டபுள் பாஸும்தான், இரண்டும் தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியங்கள். போனில் பாடகர் கேட்பார், அடியில் போகும் அந்த இருட்டு கேட்காது. கம்பி ஹெட்ஃபோன் போடு. புளூடூத்தில் சில சமயம் உதடு முன்னே போகும், குரல் பின்னே வரும்.

டிவியில் பார்த்தால் 'ஆட்டோ வால்யூம்', 'நைட் மோட்' இரண்டையும் அணைத்துவிடு. அவை மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். முன்னிசையில் டிரம்பெட்டும் டிராம்போனும் மெல்லத் தொடங்க, பிறகு வாத்தியக் குழு முழுவதும் வெடிக்கும். அந்த வெடிப்பு காதை உறுத்தாத அளவில் வால்யூமை வை, அப்புறம் தொடாதே.

என்ன செய்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. நம் கச்சேரிக்கு மைக் இல்லாமல் முடியாது. ஆப்பரா மேடையிலோ பாடகர் தன் குரலாலேயே வாத்தியக் குழுவைத் தாண்டி கடைசி வரிசைக்குப் போக வேண்டும். நேரலைக்கென்று வைக்கும் மைக், சின்னக் குரலையும் பெரிய குரலையும் ஒரே அளவாக்கிவிடும். அதனால் வீட்டிலிருந்தபடி 'என்ன குரல்!' என்று தீர்ப்பு எழுதிவிடாதே. முகபாவம், உச்சரிப்பு, மூச்சு எடுக்கும் இடம் இவற்றைப் பார். அரங்கில் பின்வரிசைக்காரருக்கு அதெல்லாம் கிடைக்காது.

மூன்றாம் அங்கத்து நால்வர் பாட்டில்தான் கேமராமேல் கோபம் வரும். விடுதிக்குள் ஊரை ஆளும் டியூக், கொலையாளியின் தங்கை மத்தலேனாவைக் கொஞ்சுகிறான், அவள் சிரித்துத் தட்டிக் கழிக்கிறாள். வெளியே டியூக்கைக் காதலிக்கும் ஜில்டா அதைப் பார்த்து நொறுங்குகிறாள், அப்பன் ரிகொலெட்டோ பழிவாங்கத் துடிக்கிறான். நான்கும் ஒரே நேரத்தில் நடக்கிறது. கேமரா ஒரே முகத்தைக் காட்டும், சப்டைட்டிலும் பாதி வரியைத்தான் தரும். கதையை முன்பே படித்துவிட்டு, அந்தச் சில நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேள்.

பிறகு புயல் வரும். காற்றின் ஊளையாகக் கேட்பது கருவி இல்லை, திரைக்குப் பின்னால் ஆண்கள் வாயை மூடி முனகுகிறார்கள்.

அன்புடன்,
அப்பா