ஹெட்டை இறக்குமுன் இதைப் பார்

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. போனில் நீ ஆபீஸ் அவசரத்தில் இருந்தாய், நான் சொன்னது பாதிதான் காதில் விழுந்திருக்கும். மீதியை எழுதிவிடுகிறேன்.

உன் காரில் கூலன்ட், அதான் இன்ஜினை ஆறவைக்கிற தண்ணீர், குறைந்துகொண்டே வருகிறது, வண்டிக்குக் கீழே ஒரு சொட்டுகூட இல்லை, ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு) போய்விட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள் என்றாய். எதை வைத்துச் சொன்னார்கள் என்று கேட்டால் உனக்குத் தெரியவில்லை. ஹெட்டை இறக்குவது எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு செய்கிற வேலைடா. கேஸ்கட்டின் விலை பெரிசில்லை. கழற்றி மாட்டுகிற கூலி, லேத்தில் ஹெட்டின் முகத்தைச் சமமாக்குகிற ஃபேஸிங், புது போல்ட் என்றுதான் பில் ஏறும். அத்தனையும் செய்த பிறகும் தண்ணீர் குறைந்தால் யார் சட்டையைப் பிடிப்பாய்?

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் இத்தனை வருஷம் நின்றதில் நான் பார்த்தது, கூலன்ட் டப்பாவை மாசாமாசம் வாங்கிப் போகிறவர்கள்தான் கடைசியில் இன்ஜின் வேலைக்கும் வருவார்கள். ஊற்றிக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. இது மூடின சுற்று. நல்ல வண்டியில் மாதக் கணக்கில் பார்த்தாலும் பெரிதாகக் குறையாது.

முதலில் மூடி. உன் வண்டியில் கூலன்ட்டை ஆறவைக்கிற ரேடியேட்டர் மேலேயே மூடி இருக்கிறது, அதில் 1.1 என்று போட்டிருக்கும், அது பார் கணக்கில் அழுத்தம். அந்த அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட் 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ முன்னாலேயே கொதித்து, பக்கத்தில் இருக்கிற ரிசர்வ் டாங்க் வழியாக ஆவியாகப் போய்விடும். தரையில் ஈரம் எங்கிருந்து வரும்? இன்னொன்று, ரிசர்வ் டாங்க் நிறைந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதே. மூடியில் திரும்ப உறிஞ்சுகிற வால்வு கெட்டால் டாங்க் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காய்ந்து கிடக்கும். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது திறந்து உள்ளேயும் பார். சூட்டில் தொடவே தொடாதே.

மூடி சரி என்றால் பிரஷர் டெஸ்ட். கைப்பம்பை மாட்டி மூடியில் போட்ட அளவுக்கு அழுத்தம் ஏற்றி, பம்பில் இருக்கிற முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இதை ராத்திரி முழுக்க ஆறின வண்டியில் செய்யச் சொல், அப்படியே கொஞ்ச நேரம் விட்டுவைக்கச் சொல். நம் கடைக்கு வருகிற ஒரு டூரிஸ்ட் டிரைவருக்கும் உன் கதைதான். சொட்டு இல்லை, எல்லோரும் ஹெட் என்றார்கள். வயசான மெக்கானிக் ஒருவர் பேசாமல் ரேடியேட்டரின் ஓரத்தில், அதன் பிளாஸ்டிக் பக்கமும் அலுமினியமும் சேருகிற மடிப்பில் விரலை ஓட்டினார். விரல் நுனியில் ரோஸ் கலரில் உப்புப் பூத்த மாதிரி பொடி. குளிர்ந்திருக்கும்போது அந்த இணைப்பு சுருங்கிக் கசியும், ஓடினால் விரிந்து அடைத்துக்கொள்ளும், மிச்ச ஈரத்தைச் சூடு காய வைத்துவிடும். ரேடியேட்டரை மாற்றினதோடு சரி. ஹோஸ் கிளிப் பக்கத்திலும் வாட்டர் பம்ப் அடியில் இருக்கிற சின்ன ஓட்டையிலும் இதே பொடியைத் தேடச் சொல்.

நம் ஊரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? அதனால் ஹீட்டர் கோரை, அதான் டாஷ்போர்டுக்கு உள்ளே இருக்கிற குட்டி ரேடியேட்டரை, யாரும் நினைப்பதே இல்லை. நீ போடாவிட்டாலும் நிறைய வண்டிகளில் கூலன்ட் அதற்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இடதுபக்க சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற மேட்டைத் தூக்கிக் கார்பெட்டை அழுத்திப் பார். பிசுபிசுப்பும் இனிப்பான வாடையும் இருந்தால் கோர்தான். வாசனை இல்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர், அது வேறு கதை.

இத்தனைக்கும் பிறகுதான் ஹெட். அதற்கும் சாட்சி வேண்டும். சூடான பிறகும் சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, வண்டியை எடுத்த கொஞ்ச நேரத்திலேயே கல்லாக விறைக்கிற ரேடியேட்டர் ஹோஸ், ரேடியேட்டரில் விடாமல் குமிழி, ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் கழுவினாற்போல் சுத்தம். ஆயில் மூடிக்கு அடியில் பால்போல் இருந்தால் மட்டும் பயந்துவிடாதே, கிட்டத்திலேயே ஓட்டுகிற வண்டியில் உள்ளே வேர்த்துச் சேருகிற ஈரத்தாலும் வரும். நீல மருந்து டெஸ்ட் ஒன்று இருக்கிறது. மருந்துக் குழாயை ரேடியேட்டரின் திறப்பில் வைத்து, உள்ளே இருக்கிற காற்றைக் கைப்பம்பால் மருந்து வழியாக இழுத்தால், பெட்ரோல் வண்டியில் இன்ஜின் புகை கலந்திருந்தால் மருந்து மஞ்சளாகும். மஞ்சளானால் இறக்கட்டும், நானே பணம் அனுப்புகிறேன்.

ஓட்டையை அடைக்கும் பவுடர் என்று எதையாவது நீட்டினால் வாங்காதே. நானே விற்றிருக்கிறேன், வீட்டு வண்டிக்குப் போட்டதில்லை. போர் தண்ணீரும் ஊற்றாதே, உப்பு படியும். பழையதை வடித்தால் வாசலில் விடாதே. நீ சோறு வைக்கிற நாய்க்குட்டிகள் இனிப்பு என்று நக்கிவிடும், அது விஷம்.

ஓட்டும்போது டாஷ்போர்டில் சூடு காட்டுகிற முள் ஏறினால் உடனே ஓரங்கட்டு. ஏறின முள் திடீரென்று இறங்கினாலும் நிறுத்து. தண்ணீரே இல்லாமல் போனால் சென்சார் தப்பாகக் காட்டும்.

1.1 மூடி ஒன்றைப் பார்சலில் போட்டிருக்கிறேன், கூடவே பருப்புப் பொடி. மூடியைப் பழசோடு வைத்துப் பார்த்துவிட்டு மாட்டு. பொங்கலுக்கு வண்டியிலேயே வருகிறானா என்று அப்பா கேட்கிறார். ரயிலுக்கே டிக்கெட் போடு.

அன்புடன்,
அம்மா