ஆண்டறிக்கை 2024–25: கள்ளிச்செடிகளும் காயலான் கடைத் தொட்டிகளும்

தலைவர் ஐயா, பொருளாளர் அம்மா, வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை புதுச்சேரியில் நம் மாடித்தோட்டச் சங்கம் செய்தவற்றைச் சபை முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். டீ, போண்டா செலவு பற்றிய கேள்விகளையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. டிசம்பரில் மட்டும் கூடவில்லை, புயல்தான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆடிப்பட்ட விதைப் பரிமாற்றம், மண்புழு உரத்தை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டது எல்லாம் போன வருடம் போலவேதான்.

இந்த வருடத்தில் விரிவாகச் சொல்ல வேண்டியது கள்ளிப் போட்டி. வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு பொருளைத் தொட்டியாக்கி, அதில் கள்ளியோ சதைப்பற்றுச் செடியோ வளர்க்க வேண்டும் என்று ஜூனில் அறிவித்தோம். வீட்டில் கிடைக்காதவர்கள் காந்தி வீதி ஞாயிறு சந்தைக்கும் காயலான் கடைகளுக்கும் படையெடுத்தார்கள். செப்டம்பர் கண்காட்சியில் ஹெல்மெட், தேய்ந்த ஷூ, கம்ப்யூட்டர் சி.பி.யூ. பெட்டி, கைப்பிடி போன பிரஷர் குக்கர், இட்லித்தட்டு, கரி இஸ்திரிப் பெட்டி, ஆட்டுக்கல், பீங்கான் ஊறுகாய் ஜாடி எல்லாம் வரிசையாக நின்றன. போட்டோ எடுக்கக் கூட்டம் தள்ளியது.

அன்றே பரிசு கொடுத்துவிடலாம் என்பது பலர் கருத்து. தலைவர் ஐயா, "மழை போகட்டும், தையில் பார்ப்போம்" என்று தள்ளிவைத்தார். சிலருக்கு வருத்தம்தான். ஆனால் நம் ஊரில் கள்ளி வளர்ப்பவருக்கு வெயில் ஒரு பெரிய பரீட்சையே இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையைத் தாண்டுவதுதான் பரீட்சை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நமக்குப் பக்கத்திலேயே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையில் எந்தத் தொட்டி எப்படிப்பட்டது என்பது தெரிந்துபோனது.

பொங்கல் முடிந்து வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். பிளாஸ்டிக் பாட்டில்கள் பல காற்றில் போயிருந்தன. ஹெல்மெட் குப்புறக் கிடந்தது. குக்கரைக் கவிழ்த்துத் தட்டியபோது மேல் மண் உதிர்ந்து விழுந்தது. அடியில் நான்கு விரல் அளவுக்கு மண் களியாகிப் புளித்த வாடை அடித்தது, வேர் தொட்டதும் கையோடு வந்தது. அதில் ஓட்டை போடவில்லை, "அடியில்தான் ஜல்லி போட்டிருக்கிறேனே" என்றார் உரியவர். இந்த நம்பிக்கை நம்மில் பாதிப் பேருக்கு இருப்பதால் இங்கே பதிவு செய்கிறேன். பொடி மண்ணில் நிற்கும் நீர் அடியிலுள்ள பெரிய ஜல்லிக்குள் சுலபமாக இறங்காது, மண் நன்றாக ஊறிய பிறகுதான் சொட்டும். அதனால் ஜல்லி போட்டால் ஈரம் தேங்கும் மட்டம் வேரை நோக்கி மேலேதான் ஏறுகிறது. ஓட்டைக்கு மேல் ஒரு ஓட்டுச்சில்லோ கொசுவலைத் துண்டோ போதும். மண் கலவைக்கு ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு பொடித்த செங்கலும் பருமணலும். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டாக இருந்தால் சலித்து, தூசி போகக் கழுவிவிடுங்கள், அந்தத் தூசியே வழியை அடைத்துவிடும்.

பிழைத்தவை பெரும்பாலும் பிறக்கும்போதே ஓட்டையோடு வந்த பொருள்கள். பழைய வாஷிங் மெஷின் டிரம்மை நான்கு செங்கல்மேல் தூக்கிவைத்து, மெக்சிகோ நாட்டு உருண்டைக் கள்ளியை நட்டிருந்த வீட்டில் ஒரு முள்கூட வாடவில்லை. துருப்பிடிக்காத எஃகு, சுற்றிலும் துளை, காற்றுக்கு அசையாத கனம், வேறென்ன வேண்டும்? இட்லித்தட்டில் குழி ஆழம் போதாது, வளர்ந்த செடி நிற்காது. ஆனால் எச்சவேரியா என்ற சதைப்பற்றுச் செடியின் இலைகளை உதிர்த்துப் போட்டு முளைக்கவைக்க அதைவிட நல்ல நாற்றங்காலை நான் பார்த்ததில்லை.

முதல் பரிசு கரி இஸ்திரிப் பெட்டிக்குப் போனது. அதன் பக்கவாட்டுத் துளைகள் கரிக்குக் காற்றுப் போவதற்காக வைத்தவை, அடித்தட்டிலிருந்து சற்று மேலே இருக்கும். அந்தக் கொஞ்ச உயரத்தில் தண்ணீர் நிற்கும் என்று யோசித்து, உறுப்பினர் அதை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அடியில் மூன்று துளை போட்டுவந்திருக்கிறார். வார்ப்பிரும்பு என்பதால் தட்டாமல் மெதுவாகத் துளைக்கச் சொன்னாராம். மூடியைத் திறந்த நிலையிலேயே நிறுத்தி, மதிய வெயில் படாமல் ஜன்னலோரம் வைத்து, ஹவோர்த்தியா என்ற சிறு சதைப்பற்றுச் செடியை நட்டிருந்தார். இரும்பை மே மாத வெயிலில் வைத்தால் வேர் வெந்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பீங்கான் ஜாடி வைத்திருந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறை 1971-இல் நம் ஊருக்கு வந்ததிலிருந்து நம் பக்கம் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்ட கெட்டி மண்பாண்டம்) வேலை பெருகி, கீறல் விட்ட ஜாடியும் மூடி தொலைந்த கெண்டியும் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. துளை போட டைல்ஸ்காரர்கள் வைத்திருக்கும் டைமண்ட் பிட் வேண்டும். டிரில்லில் தட்டித் துளைக்கும் சுத்தியல் முறையை அணைத்துவிட்டு, இடத்தைச் சொட்டுச் சொட்டாக நனைத்துக்கொண்டு, பேட்டரியில் ஓடும் டிரில்லால் அழுத்தாமல் போடுங்கள். கார் பேட்டரி உறை, ஃபியூஸ் போன சி.எஃப்.எல். பல்பு, ஆஸ்பெஸ்டாஸ் துண்டு ஆகியவற்றுக்கு அடுத்த முறை அனுமதி இல்லை. ஈயம், பாதரசம், கல்நார் மூன்றும் நம் மாடிக்கு வேண்டாம். மூடிய கண்ணாடிக் குடுவையில் கள்ளி வைப்பதைத் தடை செய்யவில்லை, ஆனால் செடி பாவம்.

போட்டி நாளில் வந்த சச்சரவையும் சொல்லியாக வேண்டும். ஆட்டுக்கல்லில் சதுரக்கள்ளி வைத்த பெரியவரைப் பார்த்து, அது கேக்டஸே இல்லை என்று ஒருவர் ஆட்சேபித்தார். ஆட்சேபம் சரிதான். கேக்டஸ் குடும்பம், ஒரு தொங்கும் இனம் தவிர, அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியே அங்கிருந்து வந்ததுதான். சதுரக்கள்ளி யூஃபோர்பியா இனம், கிள்ளினால் பால் வரும், கண்ணில் பட்டால் ஆபத்து. ஆனால் நம் விதியில் "சதைப்பற்றுச் செடியோ" என்றும் இருப்பதால் பெரியவர் பதிவு செல்லும் என்று முடிவானது. ஆட்டுக்கல்லின் குழியில் சாய்வாகத் துளை போட்டிருந்தார்கள், செடி நன்றாகவே இருக்கிறது. இரண்டாம் பரிசு அவருக்கு.

அடுத்த ஆண்டுக்குச் சபையின் ஒப்புதல் கோருபவை: போட்டிப் பரிசை எப்போதும் தை மாதத்திலேயே முடிவு செய்வது, சந்தாவை இந்த வருடமும் உயர்த்தாமல் விடுவது, டைமண்ட் பிட் இரண்டு அளவுகளில் சங்கச் செலவில் வாங்குவது. அப்புறம், சங்கத்து டிரில் மிஷின் பிப்ரவரியிலிருந்து யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்து இல்லை. வைத்திருப்பவர் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், சார்ஜரோடு.

இப்படிக்கு,
செயலாளர்