23 முறை ஓராண்டு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். பணி நீட்டிப்புக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை என்றும், ஆண்டுதோறும் இப்படிக் காத்துக் கிடப்பது சலித்துவிட்டது என்றும் சென்ற வாரம் நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து, நீ இருக்கும் ஓஹையோ மாநிலத்துக்காரர் ஒருவர் என் நினைவிலேயே நிற்கிறார். போன கோடையில் உன் வீட்டில் தங்கி, தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்க்கப் பழகியபோது, நூலகத்திலிருந்து நீ எடுத்துவந்து தந்த புத்தகங்களில் நான் படித்த வால்டர் ஆல்ஸ்டன்தான் அவர்.

1954 முதல் 1976 வரை 23 ஆண்டுகள், முதலில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் மேனேஜராக, அதாவது யாரை எப்போது ஆடவிடுவது என்று முடிவெடுப்பவராக இருந்தார். 23 ஒப்பந்தங்களும் ஓராண்டுக்கானவையே. அவருக்கு முன்பிருந்த சார்லி டிரெசன் 1952, 1953 இரண்டு ஆண்டும் லீக் பட்டத்தை வென்று கொடுத்துவிட்டுப் பல ஆண்டு ஒப்பந்தம் கேட்டார். உரிமையாளர் வால்டர் ஓ'மாலி மறுத்துவிட்டதால்தான் இவருக்கு அந்த இடம் கிடைத்தது. யார் இந்த ஆள் என்று புரூக்ளினில் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. பெரிய லீக்கில் அவர் மட்டை பிடித்தது 1936-இல் ஒரே ஒரு முறை, அதிலும் ஸ்டிரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே ஆட்டமிழந்தார். மற்றபடி சிறிய லீக்குகளில் ஆடியும், பிறகு அணிகளை நடத்தியும், ஆட்டமில்லாத குளிர்காலத்தில் பள்ளியில் பாடம் சொல்லியும் காலம் தள்ளியவர். (வாத்தியார் என்றதும் எனக்கு அவர்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது என்பதையும் நீ கணக்கில் எடுத்துக்கொள்.)

1955 அக்டோபர் 4 அன்று, எதிரணியான நியூயார்க் யாங்கீஸின் மைதானத்தில், இரண்டு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் வேர்ல்ட் சீரீஸின் கடைசி, ஏழாவது ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் (ஓடுபவர்கள் தொட வேண்டிய முனைகளில் ஒன்று) காவல் நிற்கும் ஆட்டக்காரருக்குப் பதிலாக வேறொருவரை மட்டை பிடிக்க அனுப்பியதால், இடது களத்தில் நின்ற கில்லியமை அந்த இடத்துக்கு மாற்றி, சாண்டி அமோரோஸை இடது களத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. சற்று நேரத்தில் பேஸ்களில் யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் இருவர் நிற்க, அவர்களின் யோகி பெர்ரா அடித்த பந்து இடது கோட்டோரமாகச் சரிந்து இறங்கியது. அமோரோஸ் இடது கையால் எறிபவர். ஆகவே கையுறை வலக்கையில். ஓடி வந்த வேகத்தில் அந்தக் கையை நீட்டிப் பிடித்தார், உடனே எறிந்தார், முதல் பேஸிலிருந்து ஓடிய யாங்கீஸ்காரரும் அவுட். கில்லியமின் கையுறையோ இடக்கையில். அவர் அங்கே நின்றிருந்தால் உடம்பைக் குறுக்கே திருப்பித்தான் எட்டியிருக்க வேண்டும். 2-0 என்று முடிந்த அந்த ஆட்டம்தான் புரூக்ளினுக்குக் கிடைத்த ஒரே உலகப் பட்டம். இதை ஆல்ஸ்டனின் தீர்க்கதரிசனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; பாதி அதிர்ஷ்டம்தான்.

லாஸ் ஏஞ்சலிஸுக்கு அணி குடிபெயர்ந்தபின் 1959-இல் இன்னொரு பட்டம். 1962-இல்தான் பெரிய அடி. லீக் பட்டத்துக்காக ஜயண்ட்ஸ் அணியுடன் நடந்த தீர்மான ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 4-2 என முன்னிலை, முடியும்போது 6-4 எனத் தோல்வி. அணியின் முன்னணிப் பந்துவீச்சாளர் டிரைஸ்டேலை ஏன் பந்து வீச அழைக்கவில்லை என்று ஊரே கேட்டது. ஆல்ஸ்டனுக்கு உதவியாகப் பயிற்சியாளர் பொறுப்பில் இருந்தவரோ இதே அணியின் முன்னாள் மேனேஜர் லியோ டுரோச்சர். நாற்காலியில் கண் வைத்தவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார். ஆனாலும் மேலும் ஓராண்டு நீட்டித்தார்கள், அந்த 1963-இல் வேர்ல்ட் சீரீஸில் யாங்கீஸை நான்குக்கு நான்கு வென்றார். 1965 வேர்ல்ட் சீரீஸின் கடைசி ஆட்டத்தில், மூன்று நாள் ஓய்வெடுத்திருந்த டிரைஸ்டேலை விட்டுவிட்டு, இரண்டே நாள் ஓய்விலிருந்த இன்னொரு பந்துவீச்சாளர் கோஃபாக்ஸை இறக்கினார். தோற்றிருந்தால் அந்த ஆண்டோடு கதை முடிந்திருக்கலாம். 2-0 என்று வென்றார்கள்.

ஓராண்டு ஒப்பந்தம் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. அது முதலாளிக்கு மட்டுமே வசதி. தற்காலிக ஆசிரியையாக இருந்த ஏழு ஆண்டுகளும், ஜூன் மாதத்தில் தெருமுனையில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் எனக்கு அடிவயிறு கலங்கும். தலைமையாசிரியர் முகம் கோணாதபடி நடந்துகொள்வதிலேயே பாதி உழைப்புப் போனது. என்னைப் போலவே ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்தவர் பயப்படாமல் கோஃபாக்ஸை இறக்கிய அந்த முடிவைப் படித்த இரவில், நான் அப்படிப் பயந்து நடந்துகொண்டதுதான் எனக்கு உறுத்தியது.

1976 செப்டம்பரில், நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கையில், 2,040 வெற்றிகளோடு அவராகவே விலகினார். அதன்பின் அவர் இருந்தது ஓஹையோவின் டார்டவுன் என்னும் சிற்றூரில், வீட்டு மரவேலைப் பட்டறையோடு. அடுத்த முறை நான் வரும்போது அங்கே என்னை அழைத்துப் போ. கடிதம் வந்தாலும் வராவிட்டாலும், இங்கே நடுநிசியானாலும், உடனே கூப்பிடு.

அன்புடன்,
அம்மா