எல்லாமே திப்பு காலத்து வாளா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குன்னூர், ஊட்டி பக்கம் பழைய பங்களாக்களைக் காலி செய்யும்போது கிடைக்கும் வாள்களை எல்லாம் 'திப்பு காலத்து வாள்' என்று சொல்லி விற்கிறார்கள், பார்க்கவே வேதனையாக இருக்கிறது. பிடிக்கும் அலகுக்கும் நடுவே கைக்காப்பு இல்லாமல், நீண்ட உருளைப் பிடியும் லேசான வளைவும் ஒரு பக்கம் மட்டும் கூர்மையும் இருந்தால் அது பெரும்பாலும் பர்மா, தாய்லாந்துப் பக்கத்து 'தா' வாள். பாம்பு போல நெளிந்து, அடிப்பாகம் ஒருபுறம் மட்டும் அகன்றிருந்தால் ஜாவா, மலாய் தேசத்து 'கிரிஸ்' என்னும் குத்துவாள். நேரான அலகுள்ள கிரிஸும் உண்டு, அதனால் நெளிவை விட அந்த அடிப்பாகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கிரிஸ் அலகில் தெரியும் வெள்ளைக் கோடுகள், இரும்போடு நிக்கல் கலந்த இரும்பை அடுக்கி அடித்து வந்தவை. துரு என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்த வேலைப்பாடே போய்விடும், தயவுசெய்து தேய்க்காதீர்கள். அப்புறம், பிடி வெள்ளையாக இருந்தால் உடனே தந்தம் என்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: எலும்பில் பொடிப்பொடியாகக் கருத்த துளைகள் தெரியும், யானைத் தந்தமானால் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் இருக்கும். தந்தம் விற்பது சட்டப்படி குற்றம் என்பதையும் கடைக்காரர்கள் சொல்வதில்லை.

ஊட்டியில் அருங்காட்சியகம் இருக்கிறது, மாதம் ஒரு நாளாவது இப்படிப்பட்ட பொருள்களைப் பார்த்துச் சொல்ல ஆள் வைக்கலாமே.

ஒரு வாசகர், குன்னூர்